பல திரைகள், ஒரே காட்சி: வீடியோ சுவர்களை ஆட்டுவிக்கும் கருவி

விமான நிலையங்களிலும் கடைத்தொகுதிகளிலும் சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும் பெருந்திரைகளை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். விழாக்காலங்களில் திடலின் ஓரத்தில் நிறுத்தப்படும் திரைகளும் இப்போது நமக்குப் புதியவை அல்ல. அண்ணாந்து பார்ப்பவருக்கு அது ஒரு மாபெரும் தொலைக்காட்சிப் பெட்டி. கிட்டே போய்ப் பார்த்தால்தான் பன்னிரண்டு, பதினாறு, சில இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனித் திரைகள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கப்பட்டிருப்பது தெரியும்.

இந்தத் திரைகளுள் எதற்கும் தன் பக்கத்துத் திரை என்ன காட்டுகிறது என்று தெரியாது. தன்னிடம் வந்து சேரும் துண்டுப் படத்தை மட்டுமே ஒவ்வொன்றும் காட்டுகிறது. முழுப் படத்தையும் துண்டுகளாக வெட்டி, அளவு பார்த்து, அந்தந்தத் திரைக்கு உரியதை அதனதனிடம் சேர்த்து வைப்பது வேறொரு பெட்டி. அது மக்கள் கண்ணில் படுவதில்லை. பின்னறையிலோ மேடைக்குப் பின்னாலோ ஓர் இரும்பு அலமாரிக்குள், விசிறிச் சத்தத்தோடு உட்கார்ந்திருக்கும். இத்தொழிலில் இருப்போர் அதனை ‘கண்ட்ரோலர்’ என்றும் ‘பிராசஸர்’ என்றும் அழைக்கிறார்கள். நாம் கட்டுப்பாட்டுக் கருவி என்று சொல்வோம்.

இக்கருவிக்கு இரண்டு வேலைகள். ஒரு படத்தைப் பல திரைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது ஒன்று. பல இடங்களிலிருந்து வரும் படங்களுள் எதனை, எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக, எப்போது காட்டுவது என்பது மற்றொன்று. முதலாவது கணக்கு வேலைதான். இரண்டாவதில்தான் சிக்கல் இருக்கிறது. சுவரில் தெரிவதை மனிதர்கள் நம்பிவிடுகிறார்கள். மின்சார நிலையத்திலும் ரயில் கட்டுப்பாட்டு நிலையத்திலும் அந்த நம்பிக்கையை வைத்தே முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

சுவர் வளர்ந்த விதம்

பலரும் ஒரே சுவரைப் பார்த்து வேலை செய்யும் அறை என்றதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள விண்வெளிக் கட்டுப்பாட்டு நிலையம்தான். 1965-இல் ஜெமினி 4 பயணத்திலிருந்து அங்கிருந்தே விண்கலங்கள் வழிநடத்தப்பட்டன. அந்தக் காலத்தில் தட்டையான திரைகள் ஏது? எய்டோஃபோர் என்னும் பெரிய ஒளிவீச்சுக் கருவிகளைக் கொண்டு சுவரில் படம் காட்டினார்கள். எண்ணெய்ப் படலத்தின் மீது மின்னணுக் கதிரைப் பாய்ச்சி, அதன் வழியே பலத்த ஒளியைச் செலுத்திப் படம் உண்டாக்கும் விந்தையான கருவி அது. சூரிக் நகரின் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானது.

1980-களில் கனமான தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கிச் சுவர் கட்டும் வழக்கம் கண்காட்சிகளிலும் கடைகளிலும் பரவியது. பிறகு பின்னாலிருந்து ஒளி வீசும் கனசதுரப் பெட்டிகள் வந்தன. அதன்பின் எல்.சி.டி. திரைகள், இப்போது சின்னஞ்சிறு எல்.இ.டி. விளக்குகளால் ஆன பலகைகள். திரை எத்தனை முறை மாறினாலும் பின்னாலிருக்கும் கருவி செய்ய வேண்டிய வேலை பெரிதாக மாறவில்லை.

எத்தனை புள்ளிகள்?

முழு எச்.டி. திரை ஒன்றில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 படப்புள்ளிகள் உள்ளன. மொத்தம் 20,73,600. அகலத்தில் நான்கு, உயரத்தில் மூன்று என்று பன்னிரண்டு திரைகளை அடுக்கினால் சுவரில் ஏறத்தாழ 2 கோடியே 49 லட்சம் புள்ளிகள் வந்துவிடும். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட்டுகள் தேவை. விநாடிக்கு 60 முறை புதிய படம் போக வேண்டும். பெருக்கிப் பார்த்தால், விநாடிக்கு ஏறத்தாழ 3,583 கோடி பிட்டுகள் அந்தப் பெட்டியிலிருந்து வெளியேறியாக வேண்டும். சாதாரணக் கணினியால் இது முடியாது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

செலவைக் குறைக்க விரும்புவோர் இன்னொரு வழியை நாடுவதுண்டு. இக்காலத் திரைகள் பலவற்றின் உள்ளேயே படத்தைப் பங்கிடும் வசதி இருக்கிறது. ஒரு கேபிளில் படத்தைக் கொடுத்து, திரைக்குத் திரை தொடர்ச்சியாக இணைத்துவிட்டால், “நீ மேல் வரிசையில் இரண்டாவது” என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லி வைத்தால் போதும். தன் பங்கை அதுவே வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளும். தனிக் கருவியே வேண்டாம். விளம்பரப் படத்திற்கு இது தாராளமாகப் போதும். ஆனால், நான்குக்கு நான்கு என்று பதினாறு திரைகளை அடுக்கிய சுவரில் இந்த முறையைக் கையாண்டால், மூலப் படத்தின் ஒரு புள்ளி சுவரில் பதினாறு புள்ளிகளாக ஊதிப் பெருக்கப்படுகிறது. சுவரில் 3 கோடியே 31 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. அதில் தெரிவதோ 20 லட்சத்துச் சொச்சப் புள்ளிகளின் விவரம்தான். பணம் கொடுத்து வாங்கிய கூர்மையில் பதினாறில் ஒரு பங்கே பயன்படுகிறது. முகங்கள் தெரியும், எழுத்துகள் மங்கும். திரை வாங்கும்போது எண்ணிக்கையைக் கேட்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பது வருத்தம்தான்.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆறு மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவர் சிரமமின்றிப் படிக்க வேண்டுமானால் எழுத்தின் உயரம் ஏறத்தாழ 26 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். 35 இருந்தால் நலம். 55 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அளவு 0.63 மில்லிமீட்டர். ஆகவே எழுத்து நாற்பது புள்ளிகளுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். மேசைக் கணினியில் பன்னிரண்டு புள்ளி உயரத்தில் இருக்கும் கணக்குப் பட்டியலை அப்படியே சுவருக்கு அனுப்பினால் அதன் உயரம் எட்டு மில்லிமீட்டரைத் தொடாது. அறையில் இருக்கும் எவராலும் அதனைப் படிக்க இயலாது. படம் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் பயனில்லை. சாளரத்தைப் பெரிதாக்கு என்று கருவிக்குச் சொல்வதே இதற்கு மருந்து.

விளிம்புக்குள் மறையும் எண்

எல்.சி.டி. திரைகளை எவ்வளவு நெருக்கி வைத்தாலும் நடுவே ஒரு கறுப்புக் கோடு இருக்கும். முன்பு அது 7 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. பிறகு 3.5 ஆகக் குறைந்தது, 1.7, 0.88 என்று இன்னும் சுருங்கியிருக்கிறது. எல்.இ.டி. பலகைகளில் அந்தக் கோடே இல்லை எனலாம்.

இந்தக் கோட்டைக் கருவி எப்படிச் சமாளிக்கிறது? வீட்டுச் சன்னல் வழியே தெருவைப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சன்னல் கம்பிக்குப் பின்னாலும் தெரு இருக்கத்தான் செய்கிறது. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கருவியும் அவ்வாறே, கோடு மறைக்கும் இடத்திலும் படம் இருப்பதாக வைத்துக்கொண்டு அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடுகிறது. 3.5 மில்லிமீட்டர் கோடு என்றால் ஐந்து அல்லது ஆறு புள்ளிகள் காணாமற்போகும். இப்படிச் செய்தால்தான் ஓடும் ரயில் ஒரு திரையிலிருந்து அடுத்ததற்குப் போகையில் உடைந்து தெரியாது. வட்டமும் வட்டமாகத் தெரியும். செய்யாவிட்டால் சாய்ந்த கோடுகள் எல்லாம் சந்திப்பில் விலகி நிற்கும்.

ஆனால், அங்கே ஒரு எண்ணோ எழுத்தோ இருந்தால்? பழைய 7 மில்லிமீட்டர் சுவர்களில் பதினான்கு புள்ளிகள் வரை மறைந்தன. சிறிய எழுத்தில் பன்னிரண்டு புள்ளியே அகலமுள்ள ஓர் இலக்கம் முழுதாகக் கோட்டுக்குள் போய்விடக்கூடும். 1,320 என்பது 320 ஆகத் தெரியலாம். கருவி பழுதாகவில்லை, தனக்குச் சொன்னதைச் சரியாகவே செய்தது. ஆகவே, எண்கள் நிறைந்த சாளரங்களைக் கோட்டின் மீது படாமல் ஒரே திரைக்குள் அடக்கி வைக்கிறார்கள் அனுபவமுள்ள பொறியியலாளர்கள். இல்லையேல் அந்தச் சாளரத்திற்கு மட்டும் இந்த ஏற்பாட்டை நிறுத்தி வைக்கிறார்கள். அழகுக்காகச் செய்த ஒன்று உண்மையை மறைக்கும் இடம் இது.

எல்லாத் திரையும் ஒரே கணத்தில்

விநாடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொரு படத்திற்கும் கிடைப்பது விநாடியில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 16.7 மில்லிவிநாடி. பன்னிரண்டு திரைகளும் புதிய படத்தை அதே கணத்தில் மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் ஒரு படம் பின்தங்கினால், கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது காட்சி அந்த இடத்தில் கிழிந்தது போலத் தோன்றும். நல்ல கருவிகளில் எல்லா வெளிவழிகளுக்கும் ஒரே துடிப்பைக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. மிருதங்கக்காரர் காலப்பிரமாணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் போன்றது அது.

நம் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு கோணமும் இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; தொலைக்காட்சி மரபும் விநாடிக்கு 25 படம் என்பதுதான். கணினிகளோ 60-இல் ஓடுகின்றன. 50-இல் ஓடும் கேமராவை 60-இல் ஓடும் சுவருக்கு இணைத்தால், ஒவ்வொரு ஐந்து படத்தையும் ஆறாக நீட்டியாக வேண்டும். ஒரு படத்தை இரண்டு முறை காட்டிச் சரிக்கட்டுகிறது கருவி. அதனால்தான் சில விழாக்களில் ஊர்வலக் காட்சி சிறு சிறு திக்கலுடன் ஓடுகிறது. நேரடி ஒளிபரப்புக்கென்றே அமைக்கும் சுவரானால் முழுவதையும் 50-இல் ஓட்டுவதே சிறந்த வழி. அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

தாமதமும் உண்டு. வந்த படத்தைப் பெற்று, அளவு மாற்றி, வெளியே அனுப்ப ஒன்றிரண்டு படங்களின் நேரம் பிடிக்கிறது. இரண்டு படம் என்றால் 33 மில்லிவிநாடி. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும்; 33 மில்லிவிநாடியில் 11 மீட்டர். ஒலிபெருக்கியிலிருந்து 11 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாடகரின் வாயசைவும் குரலும் கச்சிதமாகப் பொருந்தும். முன்வரிசையில் இருப்பவருக்கே சிறிது பிசகும்! கணினி வலையமைப்பு வழியாகச் சுருக்கி அனுப்பப்படும் படங்களில் தாமதம் இதைவிடப் பல மடங்கு கூடலாம். அப்போது ஒலியையும் நிறுத்திவைத்து அனுப்ப வேண்டியிருக்கும்.

எங்கிருந்தெல்லாம் வருகின்றன?

கட்டுப்பாட்டு அறை ஒன்றின் கருவிக்குக் கணினிகளிலிருந்து, கண்காணிப்புக் கேமராக்களிலிருந்து, தொலைக்காட்சிச் செய்தியிலிருந்து, வரைபடங்களிலிருந்து என்று நான்கு திசையிலிருந்தும் படங்கள் வந்து சேர்கின்றன. ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

கணினியைத் திரையோடு இணைத்ததும் இரண்டும் முதலில் பேசிக்கொள்கின்றன. “எனக்கு இந்த அளவு, இந்த வேகம் ஒத்துவரும்” என்று திரை ஒரு சிறு குறிப்பை அனுப்புகிறது. எடிட் என்று அதனைச் சொல்வார்கள். கணினி அதைப் படித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும். நடுவில் கட்டுப்பாட்டுக் கருவி வந்துவிட்டால் கணினிக்கு உண்மையான திரை தெரியாது. அதனால் கருவியே ஒரு திரையைப் போல நடித்து, எப்போதும் மாறாத ஒரே குறிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கொடுக்கத் தவறினால், யாராவது ஒரு கேபிளைப் பிடுங்கி மீண்டும் செருகியதும் கணினி வேறோர் அளவுக்குத் தாவிவிடும். சுவரில் இருந்த சாளரங்கள் இடம் மாறிக் கலைந்துபோகும். திருட்டுப் பிரதியைத் தடுக்கும் எச்.டி.சி.பி. என்னும் பூட்டும் உண்டு. அந்தப் பூட்டு உள்ள படத்தை, அதற்கு அனுமதி பெறாத கருவி வழியாகக் காட்ட முயன்றால் திரை கறுத்துவிடும். கேபிள் கெட்டுவிட்டதாக நினைத்து அரை மணி நேரம் அலைவார்கள். கேபிளில் குற்றமே இருக்காது.

கண்காணிப்புக் கேமராக்கள் தம் படங்களைச் சுருக்கி அனுப்புகின்றன. அவற்றை விரித்துப் படமாக்குவது கருவிக்கு மிகவும் பாரமான வேலை. 64 கேமராக்களை ஒரே சமயத்தில் முழுக் கூர்மையோடு விரிக்கச் சொன்னால் பல கருவிகள் மூச்சுத் திணறிவிடும். ஆகவே, பெரும்பாலான கேமராக்கள் ஒரே காட்சியை இரண்டு தரத்தில் அனுப்பக் கூடியவையாக உள்ளன. சாளரம் சிறிதாக இருக்கும்போது சிறிய தரத்தைக் கேட்டு வாங்குகிறது கருவி. பணியாளர் அதைப் பெரிதாக்கியதும் பெரிய தரத்திற்கு மாறிக்கொள்கிறது. அந்த மாற்றத்தின்போது படம் ஒரு கணம் நின்று பிறகு தொடரும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

எல்.இ.டி. பலகைகளில் கணக்கு வேறு விதம். கருவியிலிருந்து பலகைகளுக்குப் போகும் ஒவ்வொரு வலையமைப்புக் கேபிளும் வழக்கமாக ஆறரை லட்சம் புள்ளிகளைத்தான் சுமக்கும். முழு எச்.டி. படத்திற்கு நான்கு கேபிள்கள் வேண்டும். பலகைகள் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்படுவதால் நடுவில் ஒன்று அறுந்தால் அதற்கப்பால் உள்ளவை எல்லாம் இருண்டுபோகும். சங்கிலியின் மறுமுனையிலிருந்தும் ஒரு கேபிளைக் கருவிக்குத் திருப்பிக் கொண்டுவந்து இணைத்து வைத்தால், அறுந்த கணமே படம் அந்தப் பக்கமிருந்து ஓடிவரும். ஒரு கேபிள் மிச்சம் பிடிக்கப் போய்ப் பாதித் திரையை இழந்த கதைகள் இத்துறையில் ஏராளம்.

சாவி யார் கையில்?

காலைப் பணி, இரவுப் பணி, வெள்ளம், தீ என்று ஒவ்வொரு நிலைக்கும் எந்தப் படம் எங்கே என்பதை முன்கூட்டியே வகுத்துக் கருவியில் சேமித்து வைக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் சுவர் முழுதும் மாறிவிடும். எச்சரிக்கை மணி அடித்ததும் உரிய கேமரா தானாகவே நடுவில் வந்து நிற்கும்படியும் செய்யலாம்.

இங்கேதான் நிதானம் வேண்டும். தானாக வரும் சாளரம், பணியாளர் அப்போது கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்த சாளரத்தின் மீது விழுந்து மூடிவிடலாம். இரண்டு மேசைகளிலிருந்து இருவர் ஒரே சமயத்தில் சுவரை மாற்ற முயலலாம். நல்ல கருவிகளில் ஒவ்வொருவருக்கும் சுவரின் எந்தப் பகுதி, எவ்வளவு அதிகாரம் என்று வரையறுத்து வைக்க முடிகிறது. ஆனால், அந்த வரையறையைக் கருவி விற்பவர் முடிவு செய்ய முடியாது. அங்கே வேலை செய்பவர்கள் உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். பார்வையாளர் வந்து போகும் நாளுக்காக நாற்பது சாளரங்களைத் திறந்து வைத்துச் சுவரைக் கோலாகலமாக்குவது பல இடங்களில் நடக்கிறது. ஒரு மனிதனின் கண்ணுக்கு நாற்பதையும் கவனிக்கும் ஆற்றல் இல்லை.

நின்றுபோன படம்

எல்லாவற்றிலும் ஆபத்தானது கறுத்த திரையன்று. கறுத்துவிட்டால் எவரும் உடனே கவனிப்பார்கள். ஆபத்தானது, நின்றுபோய்விட்டும் நன்றாக இருப்பது போலத் தெரியும் படம். கேமராவிலிருந்து படம் வருவது நின்றுவிட்டால் சில கருவிகள் கடைசியாக வந்த படத்தை அப்படியே வைத்திருக்கும். ஆளில்லா நடைபாதை, மூடிய கதவு, அசையாத பம்பு — இவை நிஜத்திலும் அசையாதவைதாம். பத்து நிமிடத்துக்கு முந்தைய படம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால்தான் ஒவ்வொரு சாளரத்தின் மூலையிலும் ஓடும் கடிகாரம் ஒன்று வேண்டும் என்கிறார்கள். அது மூலக் கருவியிலேயே படத்தோடு பதிந்து வர வேண்டும். சுவர்க் கருவி மேலே ஒட்டிய கடிகாரமானால் பழைய படத்தின் மீதும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்! இரண்டு விநாடி படம் வராவிட்டால் சாளரத்தைச் சாம்பல் நிறமாக்கி “தொடர்பு இல்லை” என்று எழுதிவிடும்படி அமைத்தால் இன்னும் நல்லது. சுவர் அழகு கெடுகிறது என்று இந்த வசதியை அணைத்து வைப்போரும் இருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது பார்வைக்கு வராமற்போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14-ஆம் நாள் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லலாம். ஒஹாயோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட் எனர்ஜி என்னும் மின்சார நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. பிற்பகல் 2.14 மணிக்குச் சற்றுப் பிறகு, எச்சரிக்கை தரும் கணினி நிரல் ஓசையின்றி நின்றுபோனது. மின்கம்பிகளின் நிலவரம் வந்துகொண்டுதான் இருந்தது. கோளாறு நேர்ந்தால் “இதோ பார்” என்று கூப்பிடும் நிரல் மட்டும் தூங்கிவிட்டது. தூங்கிவிட்டது என்று சொல்லவும் எதுவும் இல்லை. எச்சரிக்கை வரவில்லை, ஆகவே எல்லாம் நலம் என்றே பணியாளர்கள் எண்ணினார்கள்.

2.27-க்கு முக்கியக் கம்பி ஒன்று துண்டிக்கப்பட்டுத் தானாகவே மீண்டும் இணைந்தது. பக்கத்து நிறுவனத்தார் தொலைபேசியில் அழைத்து அதைப் பற்றிக் கேட்டார்கள். ஒஹாயோ அறையில் இருந்தவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் வந்திருக்கவில்லை. 3.05-க்கு 345 கிலோவோல்ட் கம்பி ஒன்று மரத்தில் உரசித் துண்டானது. 3.32-க்கு இரண்டாவது. 3.41-க்கு மூன்றாவது. மூன்றுமே தாங்கும் அளவுக்கு உட்பட்ட மின்சாரத்தைச் சுமந்தவைதாம். கீழே மரங்கள் வெட்டப்படாமல் வளர்ந்திருந்தன. இதற்கிடையில் கணினிகளின் சுமை கூடியதால், பணியாளர் மேசைத் திரைகள் ஒரு பக்கத்தைப் புதுப்பிக்க 59 விநாடி வரை எடுத்துக்கொண்டன. 4.05-க்கு மற்றொரு பெரிய கம்பி போனதும் சங்கிலி அறுந்தது. அடுத்த எட்டு நிமிடத்திற்குள் எட்டு அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் ஏறத்தாழ 5 கோடி மக்கள் இருளில் மூழ்கினார்கள். 61,800 மெகாவாட் மின்பயன்பாடு அறுந்துபோனது. சில இடங்களில் மின்சாரம் திரும்ப நான்கு நாள் ஆயிற்று.

இரு நாட்டு அரசுகளும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு 2004 ஏப்ரலில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. மரங்களை வெட்டாதது, நிலைமையைப் புரிந்துகொள்ளாதது, நிரல் பழுது என்று பல காரணங்களை அது அடுக்கியது. அவற்றுக்கிடையே ஒரு வரி நம் பொருளோடு தொடர்புடையது. மற்றப் பல கட்டுப்பாட்டு அறைகளில் இருப்பதைப் போல, எல்லாக் கம்பிகளையும் நிலையங்களையும் எதிர்ச்சுவரில் காட்டும் வரைபடப் பலகை அந்த அறையில் இல்லை. இருந்திருந்தால் எந்தக் கம்பிகள் போயின என்பது தெரிந்திருக்கக்கூடும் என்று குறிப்பிட்டார்கள். சுவர் இருந்திருந்தால் விபத்தே நேர்ந்திராது என்று நான் சொல்ல வரவில்லை. மரம் மரமாகத்தான் இருந்திருக்கும். ஆனால், எச்சரிக்கை நிரல் ஒன்றையே நம்பியிருந்த அந்த அறையில், கூப்பிடாமலே கண்ணில் படும் இரண்டாவது சாட்சி ஒன்று இல்லாமற்போனது. வீடியோ சுவருக்குப் பணம் செலவழிப்பதன் உண்மையான நியாயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாற்றுக் கருவி

அதே நிகழ்ச்சியில் இன்னொன்றும் நடந்தது. எச்சரிக்கை நிரலைத் தாங்கிய முதல் கணினி 2.41-க்குச் செயலிழந்தது. ஏற்பாட்டின்படி வேலை முழுவதும் மாற்றுக் கணினிக்குப் போனது. நின்றுபோன நிரலும் அப்படியே அதனோடு போனது. பதின்மூன்று நிமிடத்தில் மாற்றுக் கணினியும் விழுந்தது. கணினிப் பிரிவினர் 3.08-க்கு முதல் கணினியை மீண்டும் இயக்கினார்கள்; கணினி எழுந்தது, எச்சரிக்கை எழவில்லை. அது வேலை செய்கிறதா என்று அறையில் இருந்தவர்களிடம் அவர்கள் கேட்கவும் இல்லை.

சுவர்க் கருவிகளிலும் இதே பொறி இருக்கிறது. இரண்டு மின்வழங்கி, ஓடும்போதே மாற்றக்கூடிய விசிறி, பக்கத்தில் தயாராக நிற்கும் இரண்டாவது கருவி — எல்லாம் நல்லவையே. எனினும், இரண்டு கருவிகளும் ஒரே அமைப்புக் கோப்பைப் படித்து, ஒரே வலையமைப்புப் பெட்டி வழியாகப் படங்களைப் பெற்று, ஒரே மின் இணைப்பில் தொங்கினால் அவை இரண்டல்ல. கருவியையே தாண்டி, முக்கியமான ஒரு கணினியிலிருந்து நடுத்திரைக்கு நேராக ஒரு கேபிள் இழுத்து வைக்கும் பழக்கம் பழைய பொறியியலாளர்களிடம் உண்டு. பார்ப்பதற்கு நாகரிகமாக இருக்காது. ஆபத்து வேளையில் அந்த ஒரு திரை உயிரோடு இருக்கும்.

வாடகைக்கு எடுக்கும்போது

நம் அமைப்புகள் பெரும்பாலும் விழா நாள்களுக்குத் திரைகளை வாடகைக்கு எடுக்கின்றன. நன்கொடையாளர் தரும் பணம் அதில் செலவாகிறது. விலைப்பட்டியலில் திரையின் அகல உயரம் பெரிய எழுத்தில் இருக்கும். கருவியைப் பற்றி ஒரு வரிகூட இராது. ஏற்பாட்டுக் குழுவினர் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. படம் எத்தனை புள்ளியில் வந்து எத்தனை புள்ளியில் வெளியே போகிறது? கேமராவும் சுவரும் ஒரே வேகத்தில் ஓடுகின்றனவா? சங்கிலியின் மறுமுனைக் கேபிள் உண்டா? கேமரா நின்றுவிட்டால் திரை எதைக் காட்டும்? கூட்டம் கூடும் இடமானால் கடைசிக் கேள்விதான் முதலில் வர வேண்டும். வழி அடைபட்டுவிட்டது, வேறு வாயிலாகச் செல்லுங்கள் என்ற அறிவிப்பை உடனே திரைக்குக் கொண்டுவர எவர் கையில் பொத்தான் இருக்கிறது, அவர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பதையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

பதில்களை வாய்மொழியாக ஏற்க வேண்டியதில்லை. முதல் நாள் மாலை ஒத்திகை பார்க்கும்போது, சுவர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஒரு கேமராவின் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். அடுத்து, பலகைச் சங்கிலியின் நடுவில் ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு கருவியின் இரண்டு மின்வழங்கிகளில் ஒன்றை அணைக்கச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் சிரித்துக்கொண்டே செய்வார். கால் மணி நேரத்திற்கு மேல் ஆகாது.